குரூப் போட்டோ எடுக்கும்போது சுற்றி நிற்கும் கைப்பேசிகளை என்ன செய்வது?

தாலி கட்டி முடிந்திருக்கும். அட்சதை இன்னும் தரையில் கிடக்கும். மணமக்களை நடுவில் நிறுத்தி, பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, அடுத்தவர்களைப் பின்னால் நிறுத்தி, உயரமானவர்களைப் பெஞ்சில் ஏற்றி, எல்லாம் அமைந்த நேரத்தில் கேமராவைக் கண்ணில் வைப்பேன். அதற்குள் என் இரண்டு பக்கமும் 15, 20 கைப்பேசிகள் உயர்ந்துவிடும். "பாட்டி, இங்கே பாருங்க!" என்று ஒரு பேரன். "தொந்தோன், கெத் இசி!" (மாமா, இங்கே பாருங்க!) என்று எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் இன்னொரு குரல். பாட்டி பேரனைப் பார்ப்பார், மாமா மகளைப் பார்ப்பார், மாப்பிள்ளை நண்பர்களைப் பார்ப்பார். என் லென்ஸைப் பார்ப்பவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

மொரிஷியஸில் காத்ர் போர்ன் என் ஊர். 20 வருஷத்துக்கு மேலாகத் தமிழ்க் கல்யாணங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் படம் எடுத்து வருகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த ஃபிளாஷ் நல்லது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். சுற்றி நிற்பவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் குடும்பப் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கல்யாணம் எனக்கு மறக்கவே மறக்காது. மணப்பெண்ணின் அம்மாவோடு பிறந்தவர்கள் மொத்தம் 7 பேர். ஒருவர் ரீயூனியனிலிருந்தும், ஒருவர் லண்டனிலிருந்தும், ஒருவர் பெர்த்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஏழு பேரும் பல வருஷம் கழித்து ஒரே இடத்தில் சேர்ந்த நாள் அது. 11 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு படத்தில்கூட ஏழு பேர் கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தன் பிள்ளையின் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஏழு பேரும் ஒன்றுசேரவில்லை. அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன், மனசு கனத்துப் போகும்.

அன்று யார் மேலும் தப்பில்லை. பிள்ளை கூப்பிட்டால் பெற்றவள் திரும்பத்தான் செய்வாள். ஆசையாகப் படம் எடுக்க வந்த பிள்ளையை விரட்டவும் முடியாது, அவன் விருந்தாளி. யார் எப்போது எடுப்பது என்று முறை வைத்திருக்க வேண்டியது நான். அதை நான் செய்யவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வேலை கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. பெண் வீட்டுக்குப் போய், என்னென்ன குரூப் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். 12 குரூப்புக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். எழுதும்போதே கேளுங்கள்: "உங்கள் சொந்தத்தில் யார் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்?" எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஒரு தாய்மாமா, இல்லையென்றால் குரல் கணீரென்று இருக்கும் ஒரு அத்தை. அவரிடம் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுங்கள். ஆள் கூட்டுவதும் அவர், கைப்பேசிக்காரர்களிடம் பேசுவதும் அவர். வெளியாள் நான் சொன்னால் கட்டளை மாதிரி இருக்கும். மாமா சொன்னால் குடும்ப விஷயம்.

பெரிய குரூப்பைத் தாலி கட்டிய கையோடு எடுத்துவிடுங்கள். எங்கள் ஊரில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறத் தொடங்கிவிட்டால் அப்புறம் யாரையும் மேடைப் பக்கம் திரும்பக் கூட்டிவர முடியாது. முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் முதல் இரண்டு குரூப்பிலேயே வந்துவிட வேண்டும்.

அடுத்தது இடம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். குரூப்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி நான் நிற்கிறேன் என்று வையுங்கள். எனக்கு 2 மீட்டர் பக்கவாட்டில் ஒருவர் கைப்பேசியைப் பிடித்தால், அவரைப் பார்க்கும் கண் என் லென்ஸிலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி விலகியிருக்கும். படத்தில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். அதே ஆள் என் முதுகுக்குப் பின்னால் வந்து, என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்தால் விலகல் 3 டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். பாட்டி பேரனைப் பார்த்தாலும் என்னைப் பார்ப்பது போலவே படத்தில் விழும். அதனால் நான் யாரையும் "போங்க" என்று சொல்வதில்லை. "பக்கத்தில் வேண்டாம், என் பின்னாடி வாங்க, இங்கேதான் நல்லா விழும்" என்று சொல்கிறேன். அது உண்மையும்கூட. குரூப்பின் நேர் நடுவில் நின்று எடுத்த படம்தான் அவர்களுக்கும் நன்றாக வரும்.

இன்னும் பின்னால் போக இடம் இருந்தால் போய்விடுங்கள். 8 மீட்டர் தள்ளி நின்றால் அதே 2 மீட்டர் பக்கவாட்டு ஆள் 14 டிகிரிக்கு வந்துவிடுவார். 70 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் இழுபடாது. ஆனால் வீட்டு வாசலில் போடும் பந்தலில், நாங்கள் சால் வெர்த் என்று சொல்வோமே, அதில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? அங்கே 35 மில்லிமீட்டர்தான் கைகொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் என் இரண்டு பக்கமும் ஆள் நிற்க முடியாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு பந்தல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பேன். இல்லையென்றால் பரிசுப் பொருள் வைத்த மேசையை ஒரு பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். மூன்று படி வைத்த மடக்கு ஏணி ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும். ஏணியில் ஏறினால் கூட்டத்துக்கு மேலே நான் ஒருத்திதான் தெரிவேன், கண் தானாக மேலே வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஏணிக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து எடுக்கக் கூடாது. குழந்தைகள் எல்லாம் கீழே பார்த்துவிடுவார்கள்.

இனி பேச்சு. இது என் அனுபவத்தில் லென்ஸைவிட முக்கியம். முதல் குரூப் நிற்கும்போதே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சிரித்த முகத்தோடு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: "முதலில் எனக்கு ஒரு நிமிஷம் கொடுங்க. அப்புறம் நான் விலகிக்கிறேன். இதே இடத்தில் நின்று நீங்க எல்லாரும் எடுங்க. யாரையும் அவசரப்படுத்த மாட்டேன்." பெரியவர்களுக்குத் தமிழில், பிள்ளைகளுக்குக் கிரியோலில். தமிழில் சொன்னால் பெரியவர்கள் முகம் மலரும். கிரியோலில் சொன்னால்தான் இளசுகள் காதில் ஏறும். இரண்டும் வேண்டும்.

சொன்னபடி விலகவும் வேண்டும். இதில் ஏமாற்றாதீர்கள். முதல் குரூப் முடிந்ததும் நான் நிஜமாகவே கேமராவைக் கீழே இறக்கி, மூன்று அடி தள்ளிப் போய்விடுவேன். "இப்போ உங்க முறை" என்று சொல்லி, 30 நொடியாவது கொடுப்பேன். மாமாவும் அத்தையும் அந்த நேரத்தில் ஆசைதீர எல்லாக் கைப்பேசியையும் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாவது குரூப்பில் யாரையும் அடக்கவே தேவை இருக்காது. தங்கள் முறை வரும் என்று தெரிந்துவிட்டால் அவர்களே கைப்பேசியை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு நான் பிறகு எடுக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டான். நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். அதற்குள் குழந்தைகள் சலித்துப்போய்விடுகின்றன, தாத்தாவின் முதுகு வளைந்துவிடுகிறது. முதல் ஒரு நிமிஷத்தில்தான் முகங்கள் புதுசாக இருக்கும். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் ஒருவராவது மிகுந்த ஆர்வத்தோடு இருப்பார். பெரிய கேமராவே வைத்திருக்கும் ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கலாம், டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கும் சித்தப்பாவாக இருக்கலாம். அவரைப் போட்டியாளராக நினைக்காதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டு, பெயர் கேட்டு, ஒரு வேலை கொடுங்கள்: "தம்பி, இந்த ஓரத்தில் நின்று யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கிறியா? அப்புறம் உனக்கு முதல் முறை." இப்படி எனக்கு உதவி செய்த இரண்டு பையன்கள் பின்னாளில் என்னோடு வேலைக்கே வந்துவிட்டார்கள்.

குரூப்பில் நிற்பவர்களிடம் என்ன சொல்வது? "லென்ஸைப் பாருங்கள்" என்றால் முதியவர்களுக்குப் புரிவதில்லை. எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் பூஜைத் தட்டிலிருந்து ஒரு மஞ்சள் சாமந்தியை எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸுக்கு மேலே செருகிக்கொள்வேன். "உங்க பிள்ளையே கூப்பிட்டாலும் இந்தப் பூவை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்பேன். பாட்டிகள் அந்தப் பூவை அப்படியே பார்ப்பார்கள். குழந்தைகளும் பார்க்கும். படத்தில் கண்கள் லென்ஸிலேயே நிலைத்திருப்பது போல வரும்.

இன்னொரு வழியும் உண்டு. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று, திறங்க!" என்று சொன்னதும் எல்லாரும் குரல் வந்த பக்கத்தையே பார்ப்பார்கள், கூடவே கண் சிமிட்டலும் குறையும். திறந்த அடுத்த நொடியில் மூன்று நான்கு படம் தட்டிவிடுங்கள்.

எத்தனை படம் எடுத்தால் எல்லாரும் கண் திறந்த ஒன்று கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் போட்ட கணக்கு அது. 2006-இல் அதற்கு இக் நோபல் கணிதப் பரிசு கொடுத்தார்கள்; முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. 20 பேருக்குக் குறைவான குரூப் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், மங்கலான வெளிச்சத்தில் இரண்டால். 18 பேர் நின்றால் வெயில் வெளிச்சத்தில் 6 படம், பந்தலுக்குள் 9 படம். ஆனால் இது கண் சிமிட்டலுக்கு மட்டும் போட்ட கணக்கு. திரும்பிப் பார்ப்பவர்கள் இதில் சேர்த்தி இல்லை. அதனால் பந்தலுக்குள் 18 பேருக்கு நான் 15 படத்துக்குக் குறைந்து எடுப்பதில்லை.

ஃபோகஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேமரா தானாக முகம் தேடும் முறையில் இருந்தால், குறுக்கே ஒரு கை உயர்ந்ததும் ஃபோகஸ் அந்தக் கைக்கு ஓடிவிடலாம். முன்வரிசையில் நடுவில் இருப்பவர் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். மூன்று வரிசை என்றால் லென்ஸின் துவார அளவை (அபெர்ச்சர்) எஃப் 8-இல் வையுங்கள்.

ஃபிளாஷில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். ஆரம்ப காலத்தில் பக்கவாட்டு ஃபிளாஷை ஸ்லேவ் முறையில் வைத்திருந்தேன். இன்னொரு ஃபிளாஷின் ஒளி பட்டதும் அதுவும் சேர்ந்து மின்னும் முறை அது. அப்போது விருந்தாளிகள் கையில் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் இருந்த காலம். யார் படம் எடுத்தாலும் என் ஃபிளாஷ் மின்னியது. முக்கியமான குடும்பப் படம் வந்தபோது பேட்டரி தீர்ந்து, சார்ஜ் ஏறாமல் நின்றது. இப்போது ரேடியோ ட்ரிக்கர்தான் பயன்படுத்துகிறேன். என் கேமரா சொன்னால் மட்டும் அது மின்னும். கைப்பேசி ஃபிளாஷ் 5 மீட்டருக்கு அப்பால் படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் வீடியோ எடுப்பவர்கள் விளக்கைப் போட்டுக் குழந்தையின் கண்ணுக்கு நேரே பிடிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு அழ ஆரம்பித்தால் அந்தக் குரூப்பே முடிந்தது.

வெளி இடத்தில் நிலைமை வேறு. காப் மாலெரேயில் சிவப்புக் கூரை மாதா கோயிலுக்கு முன்னால், கடலும் பின்னால் தீவும் தெரிகிற இடத்தில், மணமக்களை நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் சுற்றுலாப் பயணிகள் சூழ்ந்துவிடுவார்கள். பாம்ப்ளமூஸ் தோட்டத்தில் பெரிய அல்லிக் குளத்துக்கு அருகிலும் அப்படித்தான். இவர்கள் உறவினர் இல்லை, மாமாவை வைத்துப் பேச முடியாது. பட்டுப்புடவையும் மாலையும் அவர்களுக்குப் புதுமை, எடுக்கத்தான் செய்வார்கள். மணப்பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: அந்நியர் எடுத்தால் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் குரூப் முடிந்ததும் ஒரு நிமிஷம் நிற்கலாம். வேண்டாம் என்றால், நான் போய் பிரெஞ்சில் பணிவாக, "இது எங்கள் குடும்ப நிகழ்ச்சி, தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று சொல்லிவிடுவேன். கேமராவைக் கையால் மறைப்பது, குரலை உயர்த்துவது எதுவும் கூடாது. அந்தக் கடுகடுப்பு திரும்பி வந்து குரூப்பின் முகத்தில் உட்காரும். முடிந்தால் காலை எட்டு மணிக்குள் அங்கே போய்விடுங்கள், கூட்டமே இருக்காது.

காவடி என்றால் இதுவரை சொன்ன எதையும் அப்படியே செய்யாதீர்கள். தைப்பூசக் காவடி எங்கள் நாட்டில் அரசு விடுமுறை; ஊரே கேமராவோடு வரும். காவடி எடுப்பவர்கள் 10 நாள் விரதம் இருந்து வந்தவர்கள். அலகு குத்திய பிறகு அவர்களை நிறுத்தி, "இங்கே பாருங்க" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, நான் சொல்வதும் இல்லை. குடும்பமாகக் காவடியோடு ஒரு படம் வேண்டும் என்று கேட்டால், விடியற்காலையில் காவடி கட்டி முடித்ததும், பூஜைக்கு முன்னால் எடுத்துவிடுவேன். இல்லையென்றால் பால் அபிஷேகம் முடிந்து அலகு எடுத்த பிறகு. நடுப்பகலில் வேண்டாம். நாங்கள் தெற்கே 20 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஜனவரி 20 வாக்கில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கண் இருக்கும் இடத்தில் கறுப்பு நிழல்தான் விழும். வெறுங்காலோடு நடந்து வந்தவர்களைக் கொதிக்கும் தாரில் நிறுத்திவைப்பதும் பாவம்.

அங்கே சுற்றி நிற்கும் கேமராக்களிடம் நான் கேட்பது இரண்டுதான். காவடிக்கும் சந்நிதிக்கும் நடுவில் நிற்க வேண்டாம். ஆற்றில் குளித்து ஈரத் துணியோடு இருக்கும் பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். கோர் தெ கார்த் மலைக் கோயில் படிக்கட்டில் ஒருமுறை வெளிநாட்டுப் பெண் ஒருவர் காவடிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி எடுத்துக்கொண்டு வந்தார். காரணத்தைச் சொன்னதும் உடனே ஓரமாக ஒதுங்கி, கேமராவை மூடிவிட்டுக் கும்பிட்டார். சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

எவ்வளவு செய்தும் ஒருவர் மட்டும் திரும்பிவிட்ட படம்தான் மிஞ்சும் நாளும் வரும். அதற்காகவே பெரிய குரூப்புக்குக் கேமராவை முக்காலியில் (டிரைபாட்) வைத்து எடுங்கள். கேமரா அசையாமல், ஃபிளாஷும் மாறாமல் இருந்தால், ஒரு படத்தில் நன்றாக வந்த முகத்தை இன்னொன்றில் பொருத்திவிடலாம். குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கையில் பிடித்து எடுத்தவற்றில் இந்த வேலை படுத்தும் பாடு சொல்லி மாளாது. அந்த ஏழு பேர் படத்தில் நான் மூன்று இரவு முயன்றேன், முடியவில்லை.

கைப்பேசிகள் உயர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போட்டோகிராபரின் ஆல்பம் வர மாதக்கணக்காகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இப்போது நான் ஆரம்பத்திலேயே மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர் வாயால் அறிவிக்கச் செய்கிறேன்: "இன்றைக்கு ராத்திரியே பெரிய குரூப் போட்டோ எல்லாருக்கும் வாட்ஸப்பில் வரும்." கைப்பேசிகளில் கணிசமானவை அந்த அறிவிப்பிலேயே இறங்கிவிடும். சாப்பாட்டுப் பந்தி நடக்கும் நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, நல்லதாக இரண்டு படம் தேர்ந்தெடுத்து, நீளப் பக்கம் 2000 பிக்சலுக்குக் குறைத்து வைத்துக்கொள்கிறேன். ராத்திரி 9 மணிக்குள் அத்தையின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டால் போதும். லண்டனில் இருப்பவர்கள்வரை அது போய்ச் சேர்வதை அத்தை பார்த்துக்கொள்வார்.